ஜெயித்துக் கட்டிய கைக்கடிகாரம்

"மூணும் ஒரே சீட்டுன்னா அதுக்கு மேல கெடையாது. அடுத்தது வரிசை. அதுவும் இல்லேன்னா சோடி. கையில ஒண்ணுமே இல்லையா, மூஞ்சியில காட்டிக்காத. அவ்வளவுதான்டா மூணு சீட்டு!"

குடமுருட்டிக் கரையில், பம்புசெட்டுக் கொட்டகையில் பத்து நாளாக இந்தப் பாடம் நடந்தது. சொல்லிக்கொடுத்தவர் பண்ணையாரின் காரியக்காரர் குஞ்சிதபாதம். கற்றுக்கொண்டவன், அந்தப் பண்ணையின் ஐந்து மா நிலத்தை இருபது வருஷமாகக் குத்தகைக்கு உழும் வீரையன். வரப்பில் எதிரே வந்தாலே முறைக்கும் மனிதர், பக்கத்தில் உட்காரவைத்துச் சீட்டுக் கொடுக்கிறாரே! ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை அவனுக்கு உறைக்கவில்லை.

குத்தகைக்காரன் பேரைப் பதியக் கழக அரசு சட்டம் போட்டிருந்தது. வீரையனும் மனுக் கொடுத்திருந்தான். பேர் ஏறிவிட்டால் பண்ணையாரால் அவனை அசைக்க முடியாது.

விசாரணை நாள் வந்தது. பத்து மணிக்குத் தாலுகா ஆபீசில் இருக்க வேண்டும். மனைவி அம்சம் நெல் அளந்த ரசீதுகளோடு முதல் பஸ்ஸிலேயே போய்விட்டாள். மடையை அடைத்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிய வீரையனைக் காரியக்காரர் மடக்கினார்.

"ஒரே ஒரு ஆட்டம்டா. மணி ஏழுதான் ஆவுது, பாரு."

கைக்கடிகாரத்தை நீட்டினார். வானம் மூடிக்கிடந்தது, சூரியனைப் பார்த்து நேரம் சொல்ல வழியில்லை. அன்றைக்கென்று சீட்டு அவன் பக்கமே விழுந்தது. பிறந்ததிலிருந்து எதிலும் ஜெயித்திராதவனுக்கு எழுந்திருக்க மனம் வருமா? கடைசியில் கடிகாரத்தையே பந்தயம் வைத்துத் தோற்றார் குஞ்சிதபாதம்.

அதைக் கட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு வந்தான். அம்சம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"உங்க பேர மூணு தடவ கூப்புட்டாங்க. நான் சம்சாரம்னு ஓடிப்போய்ச் சொன்னேன், காதுல வாங்கல. மனுவத் தள்ளிட்டாங்க."

"பத்தாவ இன்னும் கால் மணி இருக்கே! காரியக்காரர்கிட்ட சீட்டுல ஜெயிச்ச கடியாரம், பாரு" என்று மணிக்கட்டைக் காட்டினான்.

அவள் உள்ளே சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். அங்கே பன்னிரண்டு அடிக்கக் கால் மணிதான் இருந்தது.

"படுபாவி, பொய் மணி காட்டி ஏமாத்திட்டானே! இனிமே எந்த மண்ணுல போய் நிப்போம்?" அம்சம் வயிற்றில் அடித்துக்கொண்டாள்.

வீரையன் கடிகாரத்தைக் கழற்றினான். படிக்கட்டில் வைத்தான்.

"அவன் காட்டுன மணிதான் பொய், அம்சம். நான் போயி உக்காந்தது நெசம். சூதுல தோத்தவன்தான் அழிவான்னு நெனச்சிருந்தேன். ஜெயிச்சவனும் அழிவான். என்னையப் பாத்துக்க."