நளன் குளத்தில் விட்ட சட்டை

எனக்குச் சனி பகவான் மேல் நம்பிக்கை கிடையாது. காரைக்காலில் இருந்துகொண்டு இதைச் சொல்வதற்குக் கொஞ்சம் நெஞ்சழுத்தம் வேண்டும். ஊர் உலகமெல்லாம் பஸ் பிடித்துத் திருநள்ளாற்றுக்கு வருகிறது. வரிச்சிக்குடியிலிருந்து வண்டியை எடுத்தால் அரை மணியில் போய்விடக்கூடிய நான், நளன் குளத்தில் ஒரு முறைகூட முழுகியதில்லை. அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை அந்தப் பெருமை ஒழிந்தது.

எங்கள் மகள் நித்யஸ்ரீ பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாள். முன்பு இரண்டு முறை கரு தங்கவில்லை. இந்த முறை ஏழாம் மாதம் பிறந்து வளைகாப்பும் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு என் மனைவி தேவிகாவின் பயம் குறையும் என்று பார்த்தால், கூடிவிட்டது. யாரோ ஜோசியரிடம் போய்வந்தாள். பெண்ணின் ஜாதகத்தில் ஒன்றும் இல்லையாம். தாத்தாவாகப் போகிறவருக்குத்தான் ஏழரைச் சனி நடக்கிறதாம், அது பேரப்பிள்ளை மேல் பார்வை வைத்திருக்கிறதாம். ஆக, குற்றவாளி நான்.

"ஒரு முழுக்குத்தானேங்க. எண்ணெ தேச்சுக் குளிச்சுட்டு, போட்டுருக்கற துணிய விட்டுட்டு, திரும்பிப் பாக்காம வந்துடணும். இதுல உங்க பகுத்தறிவு என்னா கொறஞ்சுடப் போவுது?"

"கொறையாது. ஆனா சிரிக்கும்," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும், சரி, சனிக்கிழமை போகலாம் என்றேன்.

நான் மின்துறையில் எழுத்தர். அது பிழைப்பு. மற்ற நேரத்தில் நான்கு வருஷமாக ஒரு ஹங்கேரி நாவலைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். ஹங்கேரி மொழியில் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. காரைக்காலில் படித்த புண்ணியத்தில் பிரெஞ்சு தெரியும். பிரெஞ்சில் வந்திருந்ததைத் தமிழுக்குக் கொண்டுவந்தேன்.

கதை இதுதான். ஒரு சின்ன ஊர் ரயில் நிலையத்தில், பயணிகள் மறந்து விட்டுப்போகும் சாமான்களுக்குக் காவலாக ஒருவன் இருக்கிறான். ஒரு நாள் நல்ல மழை. கேட்பாரற்றுக் கிடந்த ஒரு குடையை எடுத்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். மறுநாள் ஒரு பெண் வந்து, "இது என் புருஷன் குடை" என்கிறாள். குடையைத் திருப்பிக் கேட்கவில்லை. அவனையே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறாள். பிறகு குடைக்குச் சொந்தக்காரனின் மூலநோய் இவனுக்கு வருகிறது. அவன் வழக்கு வருகிறது, பகையாளிகள் வருகிறார்கள். "அவன் நானில்லை" என்று சொல்ல இவனுக்குக் கூச்சம். அவ்வளவு மரியாதைக்காரன். கடைசி அத்தியாயத்தில், அந்த ஆளுக்கு விதித்த தூக்குத் தண்டனையையும், அதிகாரிகளைச் சிரமப்படுத்துவானேன் என்று இவனே போய் ஏற்றுக்கொள்கிறான். தூக்குமேடைக்குப் போகும் வழியில் மழை பெய்கிறது. குடை இருப்பதால் நனையவில்லை.

விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். ஆரம்பத்தை ஒரு முறை தேவிகாவிடம் சொன்னேன். "இதுக்கா சிரிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். குடைக்காரன் என்ன ஆனான் என்று அதற்குப் பிறகு அவள் கேட்டதே இல்லை.

மொழிபெயர்ப்பு முடிந்துவிட்டது. சென்னைப் பதிப்பாளர் தினமும் போனில் நச்சரித்துக்கொண்டிருந்தார். கடைசி வரி மட்டும் எனக்குத் திருப்தியாக வரவில்லை. அது சரியாகும்வரை ஒரு பக்கத்தைக்கூட வெளியே அனுப்புவதில்லை என்று வைத்திருந்தேன். சனியை நம்பாத ஆளுக்கு இப்படி ஒரு விரதம். அந்த நேரம் பார்த்து என் மடிக்கணினி உயிரை விட்டது. பழுது பார்ப்பவன் உதட்டைப் பிதுக்கிவிட்டான். நல்லவேளை, எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் ஏற்றி வைத்திருந்தேன். அது தொலைந்துவிடுமோ என்ற பயத்தில் ராத்திரி தூங்கும்போதுகூட அதைச் சட்டைப் பையை விட்டு எடுக்கவில்லை. எங்கேயாவது வைத்தால்தானே தொலையும்?

சனிக்கிழமை விடிந்ததும் புறப்பட்டோம். நித்யாவுக்குத் துணையாகப் பக்கத்து வீட்டு ரீட்டா வந்து உட்கார்ந்துகொண்டாள். தேவாலயத்துக்குப் போகும் பெண். ஆனாலும், "போய்ட்டு வாங்கண்ணே, நல்லதுதானே" என்றாள்.

குளக்கரையில் எள் போட இடமில்லை. துணியைத் தண்ணீரில் விடாதீர்கள், கரையில் போடுங்கள் என்று ஒலிபெருக்கி ஒரு பக்கம் கத்திக்கொண்டே இருந்தது. பர்ஸ், போன், கண்ணாடி எல்லாவற்றையும் தேவிகாவின் பையில் போட்டேன். சட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு நல்லெண்ணெயோடு படியிறங்கினேன். முழுகி எழுந்து, மாற்று வேட்டியும் புதுச்சட்டையும் போட்டு, பர்ஸ், போனையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டதும், ஈர வேட்டியையும் சட்டையையும் சுருட்டி என்னிடம் நீட்டினாள்.

"நீங்கதான் போடணும். போட்டுட்டு விறுவிறுன்னு வந்துடுங்க."

துணி மலைமேல் அதையும் வீசினேன். ஒரு நொடி மனசு லேசாகக்கூட இருந்தது. அதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

சுரக்குடியில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினேன். பழக்கதோஷத்தில் கை நெஞ்சுக்குப் போனது. புதுச்சட்டைப் பை தட்டையாக இருந்தது.

வண்டிப் பெட்டியைக் கவிழ்த்தேன். வேட்டி மடிப்பை உதறினேன். டீக்கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான்கு வருஷம், அந்தக் குடைக்காரன், அவனுடைய மழை, எல்லாம் ஒரு கூட்டத்தின் அழுக்குத் துணிக்குள் கிடந்தது.

"தேவிகா, சட்டப் பையில பென் டிரைவ் இருந்துச்சு. நான் திரும்பிப் போறேன்."

"போவக் கூடாதுங்க."

"நாலு வருஷ உழைப்பு!"

"விட்டத எடுத்தா விட்டது அத்தனையும் கூட வரும். நித்யாவ நெனச்சுப் பாருங்க."

"உன் மூடத்தனத்துக்கு என் உழைப்புதான் கெடச்சுதா? உன் பேச்சக் கேட்டு வந்தேன் பாரு, என்னச் சொல்லணும்!"

கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தேவிகா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "போங்க. போயி நல்லாத் தேடுங்க. நான் பஸ்ஸுல போயிக்கிறேன்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் வண்டியை முறுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

குளத்துக்குப் பின்பக்கம் ஒரு கொட்டகையில் துணிகளைக் கொண்டுவந்து குவித்திருந்தார்கள். ஈரமும் நல்லெண்ணெய் வாடையுமாக ஆள் உயரத்துக்கு நின்றது குவியல். துணிகளை அள்ளக் குத்தகை எடுத்தவரின் மேஸ்திரி அறிவுச்செல்வன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"எல்லாரும் போடத்தான் சார் வருவாங்க. எடுக்க வந்த மொத ஆளு நீங்கதான்."

"ஒரு சட்டைதாங்க. நீலக் கட்டம்."

"பாத்துக்குங்க. ஆனா ஒண்ணு. எடுத்தத கையோட கொண்டு போயிடணும். தெரியாம எடுத்துட்டேன், என்னோடது இல்லன்னு திரும்பக் கொண்டாந்து போடக் கூடாது. அப்பறம் அது எங்க தலையில விடியும்."

"நீங்க நாள் பூரா இதுலயேதான இருக்கீங்க?"

அவர் பக்கத்தில் சாய்த்திருந்த மூங்கில் கம்பைக் காட்டினார். "நாங்க கையால தொடுறதில்ல சார்."

நான் கையால் தொட்டேன். எனக்குத்தான் நம்பிக்கை இல்லையே. முதலில் ஒரு காக்கிச் சட்டை வந்தது. ஓட்டுநராக இருக்கலாம். விபத்தா, வழக்கா? பிறகு ஒரு பள்ளிச் சீருடை. அது எதற்கு இங்கே வந்தது? ஒரு கல்யாணப் புடவை, ஜரிகை மங்காதது. அதைத் தூக்கியபோது யாரோ அழுதுகொண்டே அவிழ்த்ததுபோல் இருந்தது. ஒவ்வொரு துணியும் ஒரு வீட்டின் கதவைத் திறந்து காட்டியது. நான் பார்க்காததுபோல் மூடிவிட்டு அடுத்ததற்குப் போனேன். இது வெறும் பருத்தி, பாலியெஸ்டர் என்று சொல்லிக்கொண்டேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மேஸ்திரி நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

நீலக் கட்டம் கிடைத்தது. பையில் விரலை விட்டேன். கறுப்பாக, ஈரமாக, பென் டிரைவ். நான் அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்தேன், உறை எங்கே? புரட்டியதில் நழுவியிருக்கும். அந்த நேரம் போன் அடித்தது. ரீட்டா.

"அண்ணே, நித்யாவுக்கு வலிக்குதாம். துடிக்குது பொண்ணு. ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். அக்காகிட்டயும் சொல்லிட்டேன். சீக்கிரம் வாங்க."

கையில் அந்தச் சட்டை இருந்தது. எட்டாம் மாதம் இன்னும் பிறக்கவில்லை. விட்டது அத்தனையும் கூட வரும் என்று தேவிகா சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. சட்டையை உதறிப் போட்டேன். பென் டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். வழியெல்லாம் எதை வேண்டிக்கொண்டேன் என்று கேட்காதீர்கள். வேண்டிக்கொண்டேன். என் புத்தகம் போகட்டும், வாங்கிக்கொள், பெண்ணை விட்டுவிடு என்று, இல்லாத ஒருவரிடம் வண்டியோட்டிக்கொண்டே கெஞ்சினேன்.

காரைக்காலில் ஆஸ்பத்திரி மாடிக்கு ஓடினேன். நித்யா கட்டிலில் உட்கார்ந்து ரீட்டா கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தாள்.

"ஏம்ப்பா இப்பிடி வேர்த்திருக்கு?"

"சூட்டு வலிதானாம்ண்ணே," என்றாள் ரீட்டா. "டாக்டரம்மா பாத்துட்டாங்க. புள்ள நல்லாருக்கு. கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போவச் சொன்னாங்க."

நான் சுவரில் சாய்ந்துவிட்டேன். அழுகை வந்தது, அழுதேன்.

தேவிகா என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போனாள். பையைத் திறந்து, அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். உள்ளே என் பென் டிரைவ் ஈரம் படாமல் இருந்தது.

"நீங்க முழுகப் போனப்பவே எடுத்துட்டேன். சேத்து விட்டுடலாம்னுதான் நெனச்சேன். நாலு வருஷமா அந்தாளு படுற பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டிருந்தீங்க, வீட்டுல ரெண்டு தடவ எழவு விழுந்துச்சு. அதுதான் காரணமோன்னு ஒரு நெனப்பு. ஆனா கை வரல. சொல்ல வாயெடுத்தேன், நீங்க நாலு பேரு முன்னாடி அப்பிடிக் கத்துனீங்க. அலையட்டும்னு விட்டுட்டேன்."

அலைந்தது என்ன பெரிய விஷயம். என் பயம் வேறு. மெதுவாகச் சட்டைப் பைக்குள் கையை விட்டேன். இன்னொன்று இருந்தது. ஈரமாக.

தேவிகா அதைப் பார்த்தாள். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அது யாரோடதுங்க?" என்றாள் கடைசியில்.

எனக்கு எப்படித் தெரியும்? காரைக்காலில் பாதிப் பேர் தீபாவளிக்கு அதே நீலக் கட்டத்தைத்தான் எடுத்தார்கள். திரும்பப் போட முடியாது, மேஸ்திரி சொல்லிவிட்டார். கணினியில் செருகி யாருடையது என்று பார்க்கலாம். பார்த்தால் அந்த மனிதனின் பெயர் தெரியும், முகம் தெரியும், என்ன கஷ்டத்துக்கு அதை அங்கே விட்டான் என்பதும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அந்தக் கஷ்டம் யாருடையது? தூர எறியலாம். எறிகிற இடத்தில் எவனாவது எடுப்பானே. நம்பிக்கை இல்லாத எனக்கே இவ்வளவு கணக்கு வந்தது.

இப்போது அது எங்கள் வீட்டுக் கொல்லைக்கும் அப்பால், வேலிக் கம்பத்தில் ஒரு டப்பாவுக்குள் தொங்குகிறது. வீட்டுக்குள் விடமாட்டேன் என்கிறாள் தேவிகா. மழை வந்தால் மட்டும் நனைகிறதா என்று எட்டிப் பார்க்கிறாள். யாரோ ஒருவன் எங்கேயோ சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருப்பான் என்று எனக்கும் தோன்றுகிறது.

போன வாரம் பூண்டு உரித்துக்கொண்டே திடீரென்று கேட்டாள்: "அந்தக் குடைக்காரன் கடைசில என்னதாங்க ஆவான்?"

நான்கு வருஷத்தில் முதல் முறையாகக் கேட்கிறாள். நித்யா பக்கத்தில் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். அவளும் என்னைப் பார்த்தாள்.

"பொழச்சுக்குவான்," என்றேன். "குடையக் கொண்டுபோயி உரியவன்கிட்டக் குடுத்துட்டு, வீட்டுக்கு வந்துடுவான்."

"அப்ப நல்ல கததான்," என்று பூண்டுத் தோலை ஊதினாள் தேவிகா.

நேற்றுப் பதிப்பாளர் மறுபடி கூப்பிட்டார். பென் டிரைவ் தொலைந்து கிடைத்ததை அவரிடம் சொல்லியிருந்தேன். "என்ன சார், பென் டிரைவ்தான் கிடைச்சிடுச்சே, இன்னும் எதுக்குக் காத்திருக்கீங்க? கடைசி வரி இன்னுமா சரியாவல?"

கடைசி வரி சரியாகிவிட்டது. இதைவிட நன்றாக இனி வராது. அதில் அவன் சாகிறான், குடைக்குள் நனையாமல் சாகிறான்.

"குழந்தை பொறக்கட்டும் சார்," என்றேன்.

"எந்தக் குழந்தை சார்? கதையில குழந்தையே கிடையாதே?" என்றார் அவர்.