வெள்ளை வரிக் கல்

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் என் வீட்டுக்காரர் முதலில் காட்டுவது படிக்கட்டைத்தான். வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தோமா, உட்காரச் சொன்னோமா என்பதெல்லாம் அப்புறம். "ஜவ்வாது மலையில இந்த மாதிரி படி வேற எங்கனா இருந்தா காட்டு பாக்கலாம்" என்பார். வந்தவர்கள் இல்லை என்று தலையாட்டுவார்கள். எப்படி இருக்கும்? எங்கள் பக்கத்தில் மாடி வைத்து மெத்தை வீடு கட்டியவரே இவர் ஒருத்தர்தான்.

புளி வியாபாரத்தில் கொஞ்சம் தலையெடுத்ததும் அவருக்கு மாடி ஆசை பிடித்தது. சிமெண்டுக்குப் பர்மிட்டு வாங்க வேண்டிய காலம் அது. அதற்காக மலைக்குக் கீழே நடையாய் நடந்து செருப்புத் தேய்ந்தார். அதோடு விட்டிருக்கலாம். திருப்பத்தூரில் இவரிடம் புளி வாங்குகிற மண்டிக்காரர் வீட்டுப் படிக்கட்டைப் பார்த்துவிட்டு வந்ததுதான் வினை. அங்கே கால் வைக்கிற இடம் சிவப்புப் பாலிஷ் போட்ட சிமெண்டாம். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் நிமிர்ந்து நிற்கிற முகப்பு மட்டும் கருங்கல்லாம். வந்து ராத்திரிச் சோறுகூடச் சரியாகத் தின்னவில்லை.

ஒடுகத்தூரிலிருந்து வந்த மேஸ்திரி வடிவேலு, "முகப்புக்கும் சிமெண்டே பூசிடலாங்க. கல்லுதான் வோணும்னா ஒரே மாதிரி கருங்கல் கீழேர்ந்து கொண்டாரணும்" என்றார்.

"கீழேர்ந்து எதுக்கு? எங்க நெலத்துல இல்லாத கல்லா? படிக்கு ஒரு நெறமா வெச்சிக் கட்டு. மண்டிக்காரரு வந்து வாயப் பொளக்கணும்" என்றார் இவர்.

நானும்தான் சும்மாடு வைத்துக் கல் சுமந்தேன். ஓடையிலிருந்து பச்சை ஓடிய கல், கொல்லையிலிருந்து செம்மண் நிறக் கல். மேஸ்திரி அவற்றைத் தட்டி, பக்கம் ஒழுங்கு செய்து, சுவரோரம் நிமிர்த்தி வைத்தபோது அழகாகத்தான் இருந்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

எங்கள் வகையறாவில் செத்தவர்களுக்குக் கல் நடுவோம். அதில் பெயர் எழுத மாட்டோம், உருவமும் செதுக்க மாட்டோம். ஆடி மாதம் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தால் அது சாமி. அதற்குப் பிறகு அதன் தலைக்கு மேல் யாரும் கால் வைக்க மாட்டார்கள். மழையில் மஞ்சள் போய்விட்டால் வெளியாள் கண்ணுக்கு வெறும் கல். வீட்டாருக்குத்தான் தெரியும்.

எங்கள் மகள் வசந்திக்குக் கொல்லை மேட்டில், புங்க மரத்தடியில் ஒரு கல் நட்டிருந்தோம். சாலை வராத நாளில் காய்ச்சல் கண்டு, கம்பில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு கீழே இறங்குவதற்குள் போய்விட்ட பிள்ளை. கறுப்புக் கல். குறுக்கே வெள்ளையாய் ஒரு வரி ஓடும், பாவாடை நாடா மாதிரி.

அந்த ஆடியில் மஞ்சளைக் கரைத்து எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன். கல் இல்லை. பிடுங்கிய குழியில் மழைத் தண்ணீர் நின்றது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சொம்போடு வீட்டுக்கு ஓடினேன். படிக்கட்டில், கீழேயிருந்து ஏறும்போதே கண்ணில் படுகிற இடத்தில், சிமெண்டுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள் வசந்தி. வெள்ளை வரி அப்படியே தெரிந்தது.

வடிவேலுவைப் பிடித்துக்கொண்டேன். அந்த மனிதர் பயந்துவிட்டார். "எனக்கு இன்னா தெரியும்க்கா? அண்ணன்தான் தோண்டித் தூக்கினு வந்தாரு. இதான் எடுப்பா இருக்கும், முன்னால வைய்யின்னாரு."

தெரியாமல் எடுத்தார் என்றால்கூட மனசு ஆறியிருக்கும். அந்தக் கல்லை நட்டதே இவர் கைதான்.

"பெத்த புள்ளயக் கொண்டாந்து படியில வெச்சிருக்கியே, இன்னா மனுசன் நீ" என்றேன் இவரிடம்.

அவர் கோபப்படவில்லை. எனக்குப் பாடம் சொல்வதுபோல் சொன்னார். "மெதிக்கிற எடத்துலயா வெச்சேன்? மேலதான் மெதிக்கிறோம். இது மொகம். வர்றவன் போறவன் எல்லாம் பாக்குற எடம். அங்க மரத்தடியில மாடு சாணி போடுது. இங்க நம்ம கூடவே இருக்கட்டும்."

"ஏறுறவன் கால் வெரல் எங்க போய் இடிக்கும்?"

இவர் மேஸ்திரி பக்கம் திரும்பினார். இப்போது பெயர்த்தால் மேல்படியும் சேர்ந்து வந்துவிடும் என்றார் மேஸ்திரி. குடிபோகிற நாள் நெருங்கிவிட்டது. "விசேஷம் முடியட்டும். எடுத்துத் தர்றேன். நீயே கொண்டும்போய் நட்டுக்கோ" என்றார் இவர். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஆனாலும் இவர் வாயை நம்பி எத்தனையோ முறை ஏமாந்தவள் நான்.

குடிபோகிற அன்று காலையில் எல்லாரும் கிணற்றடியில் இருந்தபோது, அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசினேன். பொட்டு வைத்துக் கற்பூரம் ஏற்றினேன். பயமாகவும் இருந்தது, வயிறு குளிர்ந்தும் இருந்தது.

சாப்பாட்டுக்கு மாடியில் இலை போட்டிருந்தார்கள். பங்காளிகள் படியடியில் வந்து நின்றார்கள். என் நாத்தனார் அம்மாக்கண்ணு, "யாரு கல்லு இது?" என்றாள்.

"வசந்தி."

அவ்வளவுதான். கன்னத்தில் போட்டுக்கொண்டு பின்னுக்கு வந்துவிட்டார்கள். மண்டிக்காரரும் விஷயம் கேட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். சாமைச் சோறும் கோழிக் குழம்பும் வாசலில்தான் பரிமாறினோம். மாடியில் விரித்த இலைகளுக்கு நடுவே இவர் மட்டும் நின்று, எல்லாரும் கீழே சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நன்றாகச் சாப்பிட்டேன்.

சந்தோஷம் மறுநாள் வரைக்கும்தான். கல்லைப் பெயர்க்க வடிவேலுவைக் கூப்பிட்டிருக்கிறார் என்று நினைத்துக் கூடையும் கடப்பாரையும் எடுத்து வைத்தேன். இவர் ஈரத் துணியால் மஞ்சளைத் துடைத்தார். அழுத்தி அழுத்தி, பொட்டுவரை துடைத்தார். மேஸ்திரி என் முகத்தைப் பார்க்காமல் கல்லின் மேல் சிமெண்டைப் பூசினார். அது காய்வதற்குள் சிவப்புப் பொடி போட்டுத் தேய்த்தார். வெள்ளை வரி மறைந்துவிட்டது.

பங்காளிகள் கொஞ்ச நாள் தயங்கினார்கள். கல்லை எடுத்தாயிற்று என்று இவர் சொன்னதை நம்பி ஏற ஆரம்பித்தார்கள். நான் சொல்லிப் பார்த்தேன். சிமெண்டைத் தட்டிக் காட்டி, எங்கே கல் என்று கேட்டார்கள்.

பூச்சு ஏறியதில் அந்தப் படியின் முகப்பு மட்டும் மற்றதைவிடத் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஏறுகிற எல்லாருக்கும் சரியாக அங்கேதான் கால் இடிக்கிறது. நான் அடுப்படியில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அது மட்டும் ஏன் கல் இல்லாமல் இருக்கிறது என்று யாராவது கேட்டால், "கல்லு பத்தல" என்பார் இவர்.

போன வாரம் புளி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு இவரே ஏறினார். கட்டைவிரல் நன்றாக இடித்து நகம் பெயர்ந்துவிட்டது. மூட்டையைக் கீழே போட்டுவிட்டு அந்தப் படியை ஓங்கி ஓர் உதை விட்டார்.

"சனியனே" என்றார்.

அவள் செத்துப்போன பிறகு அப்பன் மகளிடம் பேசிய முதல் பேச்சு அது. காலுக்கு வைக்க மஞ்சள் குழைத்துக் கொண்டுவரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். வீட்டில் மஞ்சள் இல்லை என்று சொல்லிவிட்டேன்.