ஊட்டுகிற கை

மகளுக்கு இன்னும் மூன்று வாரத்தில் தலைப்பிரசவம். பெற்றவள் பக்கத்தில் இருக்க வேண்டாமா? படுக்கையில் கிடக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் ஆறு வருடமாக ஊர்ப்பக்கம் தலைகாட்டாதவள் ஒரு மாதம் லீவு கேட்டாள். பெரியவரின் மருமகள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"புது ஆள் ஊட்டி மாமா சாப்பிட்டார்னா நீ தாராளமா போ. இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அங்கேதான் சிக்கல். வாதம் வந்து பெரியவருக்குப் பேச்சு நின்றதிலிருந்து, பகல் முழுக்கப் பதினோராவது மாடியில் அவரும் இவளும்தான். பேச வேறு நாதியில்லாமல் அவரிடமே பேசித் தீர்த்தாள்: நாத்தனார் செய்த அக்கிரமம், லிஃப்ட் ரிப்பேர், முழங்கால் வலி எல்லாம். மருமகள் ஊட்ட வந்தால்கூட, "விடுங்கம்மா, பக்குவம் எனக்குத்தான் தெரியும்" என்று கிண்ணத்தைப் பிடுங்கிக்கொள்வாள். இப்போது இவள் ஊட்டினால்தான் அவர் வாய் திறக்கிறது. தவளையாவது ஒரு மழைக்காலம்தான் கத்தும். இவள் ஆறு வருடம் கத்தித் தன் வாயால் கெட்டாள்.

புதியவள் வந்து மூன்று நாளாயிற்று. பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். ஒவ்வொரு வேளையும் கடைசியில் இவளே ஊட்ட வேண்டியிருந்தது. இன்று மதியம்தான் கடைசி வாய்ப்பு.

"நீ அவர் கண்ணுல படாத" என்றாள் மருமகள். இவள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று தெரிந்த சாமியையெல்லாம் வேண்டினாள்.

"ஆ காட்டுங்கப்பா, என் ராசால்ல..." இவள் சொல்லிக்கொடுத்ததைப் புதியவள் கிளிப்பிள்ளையாய் ஒப்பித்தாள்.

ஸ்பூன் பல்லில் தட்டியது. பெரியவர் விழுங்கினார். மறுபடியும் விழுங்கினார்.

"சாப்பிடுறாரே!" மருமகளுக்கு வாயெல்லாம் பல்.

இவளுக்கு அப்போது மகள் முகம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூன்றே நாளில் மறந்துட்டாரே பாவி மனுஷன் என்றுதான் தோன்றியது. இத்தனை பெரிய ஊரில் இவளை வேண்டுமென்று கேட்கும் உயிர் அது ஒன்றுதான்.

இருமினாள். தொண்டையில் ஒன்றும் இல்லை.

பெரியவர் கதவுப் பக்கம் திரும்பினார். அதோடு வாய் மூடிக்கொண்டது. புதியவள் கெஞ்சினாள், மருமகள் கொஞ்சினாள். ம்ஹும். சாயங்காலம் புதியவள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மகள் போனில் கேட்டாள். "லீவு குடுத்துட்டாங்களாம்மா?"

"அவர் சாப்பிட மாட்டேங்கிறார்டி. நான் என்ன பண்ணட்டும்?"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"பரவால்லம்மா. வயசானவர், பாவம். உன்னை விட்டா அவருக்கு யாரு இருக்கா?"