பதினோரு வீடு

ஸ்ரீரங்கத்தில் முப்பத்தேழு வயதுப் பெண் ஒருத்திகூடக் கிடையாது. 1946 பிப்ரவரியில் இது எனக்குத் தெரியாது. தாஜுதீனுக்குத் தெரிந்திருந்தது.

நாங்கள் இருவரும் திருச்சியில் பி.ஏ. முடித்துவிட்டுச் சென்னையில் ஸ்டாடிஸ்டிக்ஸ் ஓராண்டுப் படிப்பில் சேர்ந்திருந்தோம். பட்டதாரிகளை வேலைக்குத் தயார்செய்கிற படிப்பு. அதில் பரீட்சையைவிட வெளிவேலை முக்கியம். சொந்த ஊருக்குப் போய், வீட்டுவரிப் பட்டியலில் நாற்பது வீட்டுக்கு ஒன்று பொறுக்கி, அங்கிருக்கும் தாயிடம் மூன்று கேள்வி கேட்டு வர வேண்டும். வயது என்ன, பெற்றது எத்தனை, இருப்பது எத்தனை. கோட்டைப் பக்கம் அறுபது வீடு தாஜுதீனுக்கு, ஸ்ரீரங்கத்தில் அறுபது எனக்கு. பட்டியலில் விழுந்த வீட்டை விட்டுப் பக்கத்து வீட்டில் கேட்கக் கூடாது. கேட்க முடியாத வீட்டுத் தாளை வெறுமையாகக் கொடுக்கலாம். ஆனால் மூன்றுக்கு மேல் வெறுந்தாள் கொடுத்தவனுக்குத் தேர்ச்சி இல்லை.

அந்த மூன்று வாரம் நன்றாக இருந்தது. அதை மறுக்க முடியாது. காலையில் புத்தூரிலிருந்து வாடகைச் சைக்கிளில் காவிரிப் பாலம் தாண்டுவேன். மொட்டைக் கோபுர நிழலில் சைக்கிளை நிறுத்திவிட்டு வீதி வீதியாக நடப்பேன். சாயங்காலம் காவிரிக் கரை அம்மா மண்டபப் படித்துறைக்குத் தாஜுதீன் வந்துவிடுவான். மணப்பாறை முறுக்குப் பொட்டலத்தை நடுவில் வைத்துக்கொண்டு அன்றைய பதில்களைப் பேசிச் சிரிப்போம்.

“பெரிய வெள்ளத்தப்ப நான் இடுப்புக் கொழந்தைன்னுச்சு ஒரு அம்மா. வெள்ளம் வந்தது இருவத்திநாலுல, அப்ப உங்களுக்கு இருவத்திரெண்டு, இருவத்திமூணுதாம்மா ஆவுதுன்னேன். வேணாந் தம்பி, இருவத்தஞ்சா போட்டுக்கன்னுருச்சு,” என்பான்.

“உன் பேச்சைக் கேக்க முடியாம ரெண்டு வயசு கூட்டிக் குடுத்துருக்கு.”

“போடா. உன் மூஞ்சியப் பாத்தா பத்து கூட்டிருக்கும்.”

நாற்பத்தொன்பதாவது வீடு வடக்கு வாசலுக்கு அப்பால், கொள்ளிடம் போகிற வழியில் இருந்தது. பொன்னுத்தாய் என்று பெயர். கூடை முடைந்துகொண்டே பதில் சொன்னாள். பெற்றது ஆறு, இருப்பது இரண்டு. எழுதிவிட்டு எழுந்தேன்.

“போனதுல மூணாவதுக்குப் பேரு வெச்சிட்டோங்க. ரெங்கம்மா. அதையும் எழுதிக்கங்க,” என்றாள்.

“அதுக்கு எடம் இல்லம்மா.”

“ஓரமா எழுதுங்களேன்.”

எழுதவில்லை. கொள்ளிடக் கரைக்குப் போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். மீதிப் பதினோரு தாளையும் அங்கேயே நிரப்பினேன். மனது கேட்கவில்லை என்று பின்னால் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். அதில் பாதி பொய். வெயில் கொளுத்தியது. செருப்பு வார் அறுந்திருந்தது. முடித்தால் போதும் என்றிருந்தது.

ஏமாற்றுவதையும் ஒழுங்காகச் செய்தேன். நாமே வயது போட்டால் ஒரே மாதிரி வந்துவிடும் என்று, வகுப்பில் கொடுத்த, வரிசையில்லாத எண்கள் அச்சிட்ட புத்தகத்தைத் திறந்து, அதில் குலுக்கலாக விழுந்த எண்களையே வயதாகப் போட்டேன். இருபத்துமூன்று, முப்பத்தொன்று, முப்பத்தேழு. எனக்கே பெருமையாக இருந்தது.

மார்ச் முதல் வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து வந்த தாஜுதீனோடு நத்தர்ஷா பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்த அவன் வீட்டு மாடியில் அட்டவணை போட உட்கார்ந்தேன். திங்கட்கிழமை சென்னையில் கொடுக்க வேண்டும். நான் வயதை வாசித்தேன், அவன் கோடு போட்டான். நாற்பது. முப்பது. இருபத்தைந்து. முப்பத்தைந்து. நூற்றிருபது தாளும் முடிந்த பிறகு பென்சிலைக் கீழே வைத்து, ஒரு கோட்டில் விரல் வைத்தான்.

“முப்பத்தேழா?”

“ஆமா.”

“யாருடா அது? எனக்குக் காட்டு. நான் போய் சலாம் வெச்சிட்டு வரேன்.”

“ஏன், இருக்கக் கூடாதா?”

“நம்மூர்ல பொம்பளைங்களுக்கு வயசு அஞ்சஞ்சாத்தான்டா ஏறும். என் அறுவதுல, உன் நாப்பத்தொம்பதுல, ஏழு எட்டுன்னு முடியிற வயசு ஒண்ணு இல்ல. கடைசிப் பதினொண்ணுல மட்டும் பள்ளிக்கூட ரெஜிஸ்தர் மாதிரி வருது. பிச்சை, இந்த வீட்டுக்கெல்லாம் நீ போகல.”

அவன் தாள்களை இழுத்து அடுத்த பத்தியைப் பார்த்தான். பெற்றது மூன்று, இருப்பது மூன்று. பெற்றது நாலு, இருப்பது நாலு. பதினோரு தாளிலும் அப்படித்தான்.

“ஒண்ணுகூடச் சாவலியே.” அவன் குரலில் கிண்டல் போயிருந்தது. “குழந்தைங்க சாவறத எண்ணத்தான்டா அனுப்பிச்சாங்க.”

அதை நான் கவனிக்கவே இல்லை. வயதுக்குப் புத்தகம் பார்த்தவன், இதற்குப் பார்க்கவில்லை. கை தானாக எழுதியிருக்கிறது.

“என் பேரும் போடுற அட்டவணை இது,” என்றான். “ஞாயித்துக்கிழம சாயங்காலம் வரைக்கும் டயம் இருக்கு. போய்க் கேட்டுட்டு வா.”

சனிக்கிழமை காலை முதல் வீட்டுக்குப் போனேன். என் முப்பத்தேழு வயதுக்காரியின் வீடு. அழகம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

“வாங்க. பொன்னுத்தாய் போன மாசமே சொன்னா. எங்க வீட்டை விட்டுட்டாங்கன்னுல்ல நெனச்சேன்.”

“வயசு என்னம்மா?”

“நாப்பது போட்டுக்கங்க.” முப்பதுக்கு மேல் இருக்காது.

பெற்றது ஐந்து, இருப்பது ஒன்று. “பேரு கேப்பீங்கன்னு யோசிச்சு வெச்சிருக்கேன்,” என்று நாலு பெயர் சொன்னாள். பொன்னுத்தாய் என்ன சொல்லி வைத்தாளோ. புதுத் தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். ஒரு வீட்டில் எழுதிய பிறகு அடுத்த வீட்டில் எழுதாமல் வர முடியவில்லை. பெயர் சொன்னால் காய்ச்சல் வரும், எந்த மாதம் என்பது வரும், வைத்தியர் வராதது வரும். ஒரு வீட்டுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. ஞாயிறு சாயங்காலம் படித்துறைக்கு வந்தபோது ஏழு வீடுதான் முடிந்திருந்தது. பெற்றது முப்பத்தொன்று, போனது பன்னிரண்டு.

தாஜுதீன் ஏழு தாளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “பேரெல்லாம் எதுக்குடா எழுதின? நாலு வீடு மீதி இருக்கே.”

“வெறுந்தாளாக் குடுத்துடறேன்.”

“நாலு குடுத்தா நீ காலி. தெரியும்ல?”

“தெரியும்.”

அவன் மெதுவாகச் சொன்னான். “ஒண்ணே ஒண்ணு பழைய தாளை வெச்சிடலாம். மூணு வெறுந்தாள்னா பாஸ். வயச முப்பத்தஞ்சுன்னு மாத்திட்டா எவனும் கண்டுபிடிக்க மாட்டான். நான் சொல்ல மாட்டேன். அல்லா மேல ஆணை.”

வெள்ளிக்கிழமை என்னைத் துரத்திவிட்டவன்தான் இதைச் சொன்னான். எனக்காகச் சொன்னான்.

“வயசு மாத்திடலாம். சாவு?” என்றேன். “அந்தத் தாள்ல நாலு புள்ளையும் உசுரோட இருக்குன்னு விட்டா மறுபடி அதே பொய். எத்தனையச் சாவடிக்கலாம்? நீயே சொல்லு, எழுதிக்கறேன்.”

முறுக்குப் பொட்டலம் பிரிக்காமலே இருந்தது. நாலு தாளை வெறுமையாகவே மேலே வைத்துக் கட்டி அவனிடம் கொடுத்தேன். அவன் ரயிலுக்குப் போனான்.

தாஜுதீன் தேறினான். டெல்லியில் நல்ல வேலை. எனக்கு, மறுவருடம் மறுபடி சேரலாம் என்று கடிதம் வந்தது. சேரவில்லை. மூன்று வருடமாக ஜங்ஷன் பார்சல் ஆபீசில் ராத்திரி டியூட்டி. விடிந்து வெளியே வந்தால் சில நாள் புத்தூருக்குத் திரும்பாமல் பாலம் வரை சைக்கிளை மிதிப்பேன். படித்துறை அப்படியேதான் இருக்கிறது. முறுக்கு வாங்குவதில்லை. தனியாகத் தின்ன ஒரு பொட்டலம் அதிகம்.

போன மாதம் அவனிடமிருந்து கார்டு வந்தது. “டெல்லியிலும் பொம்பளைங்களுக்கு வயசு அஞ்சஞ்சாத்தான் ஏறுது,” என்று எழுதியிருந்தான்.

கொள்ளிடக் கரையில் எழுதிய பதினோரு தாளும் என் பெட்டியில் இருக்கின்றன. கூட்டிப் பார்த்திருக்கிறேன். பெற்றது முப்பத்துநாலு, இருப்பது முப்பத்துநாலு. எல்லாம் பொய். கிழித்துப் போடவில்லை.