பீங்கான் அப்பா

சவப்பெட்டிக்குள் பூ அடுக்குகிற சாக்கில், இகுமி தன் அப்பாவின் குதிகாலுக்கு அடியில் கட்டைவிரல் உயரப் பீங்கான் பொம்மை ஒன்றைச் செருகினாள். கண்ணாடி, இரும்பு, பீங்கான் எதையும் உள்ளே வைக்கக்கூடாது என்று இறுதிச்சடங்கு நடத்துகிறவர் இரண்டு முறை சொல்லியிருந்தார். சொன்னால் சொல்லட்டும். அப்பாவோடு இதுவும் எரிய வேண்டும்.

"எவ்வளவு பொறுமையான மனுஷன்," என்று அத்தை மூக்கை உறிஞ்சினாள். "அத்தனை வருஷம் ஹெட்மாஸ்டரா இருந்தும் ஒரு பிள்ளையைக் கைநீட்டி அடிச்சதில்ல."

கைநீட்டியதில்லைதான். எழுத்து ஒன்று பிசகினால் இகுமியை மெத்தைகள் மடித்து வைக்கிற இருட்டு அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவார், அவ்வளவுதான். வெளியே அம்மா முள்ளங்கி நறுக்குகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் ஒரு நாளும் நின்றதில்லை.

ஒன்பது வயதில் இகுமிக்குப் பேச்சு நின்றுபோனது. அம்மா அவளை, பிள்ளைகளின் மனசுக்கு வைத்தியம் பார்க்கிற ஹசேகுரா டீச்சரிடம் கூட்டிப்போனாள். அங்கே அடிப்பக்கம் நீலம் பூசிய மரத்தட்டு நிறைய மணல், அலமாரி நிறையக் குட்டிப் பொம்மைகள். பிள்ளை எதை நிறுத்துகிறது, எதைப் புதைக்கிறது என்று பார்த்தே மனசில் என்ன இருக்கிறது என்று டீச்சர் கண்டுகொள்வார். அந்த விளையாட்டேதான் மருந்தும். வாராவாரம் இகுமி கறுப்புக் கோட்டுப் போட்ட பீங்கான் ஆள் ஒருவனைத் தலைகீழாகப் புதைத்தாள். நேரம் முடிந்ததும் டீச்சர் ஒன்றே ஒன்று கேட்பார்.

"முடிஞ்சுதாம்மா?"

இல்லை என்று தலையாட்டுவாள். அடுத்த வாரம் இன்னும் ஆழமாகத் தோண்டுவாள். அம்மா கதவோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஏழாவது வாரம் அப்பாவும் வந்தார். டீச்சர் தடுக்கத் தடுக்க மணலுக்குள் கையை விட்டுப் பொம்மையை எடுத்து, ஊதித் துடைத்தார். "வெளிய வந்துட்டேன் பாத்தியா," என்று சிரித்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதோடு வைத்தியம் நின்றது. பேச்சு வர மேலும் இரண்டு வருஷம் ஆயிற்று. பொம்மை சாப்பாட்டு மேசைக்கு எதிரே, அவளைப் பார்த்தபடி இருபத்திரண்டு வருஷம் நின்றது.

தகனக்கூடத்தில் எரிந்து முடிந்ததும் உலையிலிருந்து தட்டை வெளியே இழுத்தார்கள். கால் எலும்புகளுக்குப் பக்கத்தில் பொம்மை முழுசாகக் கிடந்தது. சாயம் மட்டும்தான் போயிருந்தது. இகுமி குனிந்து பார்த்தாள். தீயில் போட்டும் வெளியே வந்துவிட்டாரே.

"இது என்னங்க?" என்றார் ஊழியர்.

"அவரோடதுதான்," என்றாள் அம்மா. எலும்புகளை உறவுக்காரர்கள் இரண்டிரண்டு பேராக எடுத்து அஸ்தி ஜாடியில் போடுகிற நீளக் குச்சிகளை நீட்டினாள். "இகுமி, அந்தப் பக்கம் பிடி."

எலும்பை எடுப்பது போலவே இருவரும் சேர்ந்து பொம்மையைத் தூக்கினார்கள். காலி ஜாடியின் வாய்க்கு வந்ததும் அம்மா குச்சிகளைத் திருப்பினாள். பொம்மை தலைகீழாக அடிக்குப் போயிற்று.

"முதல்ல இது," என்றாள் அம்மா, நிமிர்ந்து பார்க்காமல். "மத்ததெல்லாம் மேல."

பாதம், முழங்கால், விலா என்று எலும்புகள் ஒவ்வொன்றாக அதன் மேல் விழுந்தன. கடைசியில் மண்டையோட்டுத் துண்டுகளை வைத்துவிட்டு ஊழியர் மூடியைக் கையில் எடுத்தார்.

"முடிஞ்சுதாம்மா?" என்று அம்மா இகுமியைக் கேட்டாள்.

இகுமி ஊழியரிடமிருந்து சின்னத் துடைப்பத்தை வாங்கினாள். தட்டின் மூலைகளில் மிச்சமிருந்த சாம்பலையெல்லாம் ஒன்றாகக் கூட்டி, நிதானமாக ஜாடிக்குள் கொட்டினாள்.