கண்ணாடி இல்லாத முகம்

மர்கரீத் அம்மையார் நாலு மணிக்கு வருவார். மூன்று பத்துக்கே நான் சட்டத்துக்கான புதுக் கண்ணாடியுடன் மார்க்ஸ் டோர்மோய் நிலையத்தில் மெத்ரோ ரயிலை விட்டு இறங்கி, பாதி ஓட்டமாக லா சப்பலில் எங்கள் படச்சட்டக் கடைக்கு வந்து சேர்ந்தேன்.

மேசையில் அவர் தந்த மெழுகு முகம் கிடந்தது. புகைப்படம் வராத காலத்தில் இங்கிலாந்தில் ஆட்களின் பக்கவாட்டு முகத்தை நிற மெழுகில் புடைப்பாகச் செய்து கண்ணாடிக்குள் வைப்பார்களாம். இது அவருடைய பாட்டனுக்குப் பாட்டன், பிரிஸ்டலில் துணி வியாபாரி. வேறு படம் கிடையாது. கண்ணாடி வெடித்ததால் மாற்றக் கொடுத்தார். முகத்தில் விரல் படக்கூடாது என்று மூன்று முறை சொன்னார். நானும் மூன்று முறை தலையாட்டினேன்.

அந்த நெற்றியில் இப்போது சந்தனமும் குங்குமமும்.

"கலா! இது என்ன வேலை?"

"ஏன் கத்துறியள்? இண்டைக்குக் குடுக்கிற படம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். செத்தவையின்ரை படத்தைப் பொட்டு வைச்சுத்தானே குடுக்கிறனாங்கள்."

"கண்ணாடிக்கு மேலையெல்லே வைக்கிறது! இதிலை கண்ணாடி எங்கை?"

என் மனைவி கலாவதி குனிந்து பார்த்தாள். "ஐயோ, கவனிக்கேல்லையப்பா. தொடாதையுங்கோ. காய்ஞ்சா உதிரும்."

மணி மூன்று இருபத்தைந்து. நனைத்த பஞ்சால் துடைத்தேன், போகவில்லை. பெருவிரலால் அழுத்தித் தேய்த்தேன். சிவப்பு மங்கியது. கூடவே, நெற்றியில் விழுந்திருந்த முடியின் சுருளும் வழுவழுவென்று தட்டையாகிவிட்டது.

அம்மையார் பத்து நிமிடம் முந்தியே வந்துவிட்டார்.

"இது என்ன சிவப்பு?"

கலாவதி தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் எங்கள் வழக்கத்தைச் சொன்னாள். அம்மையார் சிரித்தார். "தூள்தானே, தூரிகையால் போய்விடும்." பிறகு மூக்குக்கண்ணாடியை மாட்டி உற்றுப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"சுருள் எங்கே? சின்ன வயதில் இதன் வளைவுகளைத்தான் எண்ணிக்கொண்டிருப்பேன்."

அவர் கலாவதியைப் பார்த்தார். கலாவதி என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்க மாட்டாள்.

"அது நான், மதாம்," என்றேன். "அவ வேண்டாம் எண்டு சொன்னவ."

அம்மையார் கதிரையில் உட்கார்ந்தார். வெளியே பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டே நின்றது. நான் மேசையில் கிடந்த ஆணிகளை அள்ளினேன், திரும்பக் கொட்டினேன்.

"கண்ணாடியை இப்போதே சட்டத்தில் பூட்டுங்கள்," என்றார் கடைசியில்.

நான் கை நீட்டினேன்.

"நீங்கள் இல்லை. அவர்."

கலாவதி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ," என்றாள் என்னிடம்.