சம்பந்தியம்மாவின் இரட்டைச் சைக்கிள்

மறியலை இன்னொரு நாள் நீட்ட வேண்டும் என்று கூட்டத்தில் முதலில் கை தூக்கியவர் ஃபெர்நான்தான். விவசாயிகள் வெள்ளிக்கிழமை மட்டும் சாலையை மறிப்பதாகத்தான் பேச்சு. அரசாங்கத்திடமிருந்து பதில் வரவில்லை என்றதும் அவர் மேசையைத் தட்டினார். "சனிக்கிழமையும் விடாதீங்கடா! டவுன்காரன் காரை எடுத்துக்கிட்டு ஊர் சுத்தக் கிளம்புற நாள். அன்னிக்கு மறிச்சாத்தான் உறைக்கும்."

அந்தச் சனிக்கிழமை தன் ஒரே மகள் அனயிஸுக்குக் கல்யாணம் என்பதை அவர் மறந்துவிடவில்லை. நம்ம பசங்கதானே, நம்ம காரை விடாமலா போவார்கள் என்று நினைத்துவிட்டார்.

விட அவர்களுக்கு மனமிருந்தது, வழிதான் இல்லை. ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் இருக்கும் ரவுண்டானாவில் வண்டி வண்டியாகச் சாணத்தைக் கொட்டி, அதன்மேல் பழைய டயர்களையும் வைக்கோல் கட்டுகளையும் மலையாக ஏற்றி வைத்திருந்தார்கள். காலையில் ஃபெர்நான் போன் போட்டபோது மறுமுனையில் கூட்டாளி சிரித்தான்.

"தாராளமா வா, ஃபெர்நான். நீச்சல் தெரியும்ல?"

புது சாம்பல் நிறக் கோட்டும் அதன் பொத்தான் துளையில் வெள்ளைப் பூவுமாக ஃபெர்நான் முற்றத்தில் கோழிகளுக்கு நடுவே நின்றார். கல்யாணம் நடக்க வேண்டிய நகர்மன்றம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், வெர்நுவாவில். அடுத்த பாலத்துக்குச் சுற்றிப் போகலாமென்றால் அந்த ரோடு முழுக்க லாரிகள் நின்றுபோயிருந்தன.

"அப்பா, பச்சைப் பாதை இருக்கே" என்றாள் அனயிஸ். வெள்ளைக் கவுனின் விளிம்பைத் துணி கிளிப்புகளால் முழங்கால்வரை தூக்கிக் கட்டியிருந்தாள். அப்பா என்ன சொல்வார் என்று கேட்க அவள் காத்திருக்கவில்லை என்பது அதிலேயே தெரிந்தது.

பச்சைப் பாதை அவருடைய மாட்டுக்கொட்டகைக்குப் பின்னாலேயே போகிறது. ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம். ரயில் நின்று, தண்டவாளத்தையும் பிடுங்கிய பிறகு, அந்த நீளத் துண்டில் வளர்ந்த புல்லை வருஷக்கணக்காக அறுத்து மாடுகளுக்குப் போட்டவர் ஃபெர்நான். பிறகு ஊராட்சி அதைச் செப்பனிட்டு, சைக்கிளில் வருகிறவர்களும் நடந்து வருகிறவர்களும் தவிர யாரும் வரக்கூடாது என்று பலகை வைத்தது. மன்ற உறுப்பினர்களில் எதிர்த்து ஓட்டுப் போட்டவர் அவர் ஒருவர்தான். 'இறுக்கிப் பிடிச்ச கால்சட்டை போட்ட வெட்டுக்கிளிங்க' என்பது சைக்கிளில் வருகிறவர்களுக்கு அவர் வைத்த பெயர். அந்த வெட்டுக்கிளிகளுக்கெல்லாம் தலைவி, வெர்நுவாவின் பழைய ரயில் நிலையத்தை வாங்கிச் சைக்கிள் வாடகைக்கு விடும் ஓடீல். விதி எப்படி விளையாடியது பாருங்கள்: பஞ்சரான டயரை ஒட்டப் போன அனயிஸ், ஓடீலின் மகன் திபோவிடம் மனத்தை ஒட்டவைத்துக்கொண்டு வந்துவிட்டாள். இப்போது ஓடீல் அவருக்குச் சம்பந்தி.

கொட்டகைக்குப் பின்னால் மணிச் சத்தம். ஓடீல் இரண்டு பேர் மிதிக்கும் நீளமான சைக்கிளில் தனியாக வந்து இறங்கினார். பின்னால் திபோ, முன்பக்கம் பெரிய மரப்பெட்டி வைத்த சைக்கிளில். கல்யாண கேக்கை ஏற்றத்தான் அந்தப் பெட்டி. கிரீம் உருண்டைகளைச் சர்க்கரைப் பாகில் ஒட்டி, கோபுரமாக அடுக்கி, ஃபெர்நானின் மனைவி எலியான் இரண்டு நாளாகச் செய்தது.

"ஏறுங்க சம்பந்தி" என்றார் ஓடீல்.

"நான் நடந்து வந்துக்கறேன்."

"நடந்தா பேரப்பிள்ளை பொறந்தப்புறம்தான் வந்து சேருவீங்க."

ஃபெர்நான் அசையவில்லை. எலியான் கேக்கைப் பெட்டியில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினார். "அவருக்குச் சைக்கிள் தெரியாது" என்று சாதாரணமாகப் போட்டு உடைத்தார்.

"எலியான்!"

"என்ன எலியான்? முப்பது வருஷமா மூடி வெச்சாச்சு, போதும்."

ஃபெர்நானின் காது மடல் சிவந்தது. "டிராக்டர் ஓட்டுறவனுக்கு எதுக்குச் சைக்கிள்?"

ஓடீல் சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை. "பின்சீட்டுக்காரருக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம். நான் சாயிற பக்கம் சாயணும், மிதிக்கணும், எனக்கு யோசனை சொல்லக் கூடாது. மூணாவதுதான் உங்களுக்குக் கஷ்டம்."

அதற்குள் எலியான் விறகுக் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு நீலச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஃபெர்நான் வாய் பிளந்தார். "இது எப்போ?"

"நீ மாட்டுச் சந்தைக்குப் போற நாள்ல எல்லாம் நான் என்ன சும்மாவா உட்கார்ந்திருந்தேன்?"

அனயிஸ் தன் சைக்கிளில் ஏறிக்கொள்ள, கிளம்பினார்கள். முதல் திருப்பத்திலேயே ஓடீல் இடப்பக்கம் சாய, ஃபெர்நான் வலப்பக்கம் சாய, சைக்கிள் குடிகாரன் மாதிரி வேலியோரத்து முட்செடிகளைத் தடவிவிட்டு மீண்டது. "பிரேக்! பிரேக்!" என்று ஃபெர்நான் கத்தினார். "யோசனை சொல்லாதீங்க!" என்று பதில் வந்தது. குழந்தை குட்டிகளோடு சுற்றுலா வந்திருந்த ஒரு டச்சுக் குடும்பம் ஓரமாக ஒதுங்கி நின்று கைதட்டியது. அனயிஸ் கவுன் பறக்க அவர்களுக்குக் கையசைத்தாள்.

ரயில் போன தடம் என்பதால் பெரிய ஏற்றம் இறக்கம் ஏதுமில்லை. இரண்டு பக்கமும் மரங்கள் குடைபிடித்தன. அறுத்துப் போட்ட புல்லின் வாசனை வந்தது. தன் வெள்ளை மாடுகள் வேலிக்கு மேல் தலை தூக்கிப் பார்ப்பதை ஃபெர்நான் பார்த்தார். தினமும் பார்க்கிற மாடுகள்தான். ஆனால் டிராக்டர் இரைச்சல் இல்லாமல் அவை புல்லை இழுத்துக் கடிக்கும் சத்தத்தை எத்தனை நாளாகக் கேட்கவில்லை! கால்கள் தாமாகவே சுற்ற ஆரம்பித்தன. ஓடீலும் அதை உணர்ந்திருக்க வேண்டும், வேகத்தைக் கூட்டினார்.

பாதை ஒரு சின்ன ரோட்டைக் கடக்கும் இடத்தில், நகராத கார் வரிசையில் ஒரு கனத்த மனிதர் போனில் கத்திக்கொண்டிருந்தார். தோளில் நீலம், வெள்ளை, சிவப்புப் பட்டை. மேயர்! அவர்தான் கல்யாணத்தைப் பதிவு செய்து வைக்க வேண்டியவர்.

"நீயா?" என்றார் மேயர், ஃபெர்நானைப் பார்த்து. "இந்தப் பாதையிலயா?"

"பேச்சு அப்புறம். நீ இங்க நின்னா அங்க யார் கல்யாணம் பண்ணி வைக்கிறது?"

"உன் ஆளுங்க கொட்டின சாணத்தைக் கேளு."

எல்லாரும் சைக்கிள்களை எண்ணுவதுபோல ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஃபெர்நான் காலைத் தூக்கிப் பின்சீட்டிலிருந்து இறங்கினார். "நீ ஏறு. மேயர் இல்லாம கல்யாணம் நடக்காது. அப்பன் இல்லாம நடக்கும்."

"நடக்காது" என்றாள் அனயிஸ். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "நீ வர்ற வரைக்கும் நான் வாசல்லயே நிப்பேன்."

திபோ தொண்டையைச் செருமினான். "மாமா, பெட்டியில இடம் இருக்கு. கேக்கை மடியில வெச்சுக்கிட்டீங்கன்னா..."

ஊரே பேசும் என்பது ஃபெர்நானுக்குத் தெரியும். மகளைப் பார்த்தார். பிறகு கோட்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மரப்பெட்டிக்குள் இறங்கி, முழங்கால் மோவாயில் இடிக்க, திபோவைப் பார்த்தவாறு உட்கார்ந்தார். எலியான் கேக் கோபுரத்தை அவர் மடியில் வைத்தார். "ஆட்டாதே. உன்னைவிட அது முக்கியம்."

ஆற்றின் மேலிருந்த உயரமான பழைய ரயில் பாலத்தில் ஏறியபோது மற்றவர்கள் முன்னால் போயிருந்தார்கள். கிரீம் உருண்டைகளுக்கு மேலாக மருமகனின் வியர்த்த முகம் தெரிந்தது. இரண்டு வருஷமாக அந்தப் பையனிடம் வானிலையைத் தவிர வேறெதுவும் அவர் பேசியதில்லை.

"பொண்ணை அந்த ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிடுவே" என்றார் திடீரென்று. "பண்ணை என்னோட முடிஞ்சுது."

திபோ மிதிப்பதை நிறுத்திவிட்டான். சைக்கிள் தானாக உருண்டது. "மாமா, அவ உங்ககிட்ட சொல்லலையா?"

"என்ன சொல்லணும்?"

"பண்ணையை அவதான் எடுத்து நடத்தப்போறா. திங்கக்கிழமையிலேர்ந்து தினமும் காலையில இந்தப் பாதையிலதான் வருவா. நீங்களாக் கேட்கணும்னு காத்துக்கிட்டிருந்தா. நீங்க கேட்கவே இல்லையாம்."

"அவளா சொல்வான்னு நான் காத்துக்கிட்டிருந்தேன்" என்றார் ஃபெர்நான்.

கீழே ரவுண்டானா தெரிந்தது. மறியல் கூட்டாளிகள் மேலே பார்த்துவிட்டார்கள். பெட்டிக்குள் கேக்கோடு இருப்பது யாரென்று புரிய அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அத்தனை டிராக்டர்களும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன. ஃபெர்நான் கையசைக்கவில்லை. இரண்டு கையிலும் கேக் இருந்தது, மூக்கிலிருந்து ஒழுகியதைத் துடைக்கக்கூட வழியில்லை. அழுகையைச் சமாளிக்க ஒரே வழியாக, குனிந்து கோபுரத்தின் பக்கவாட்டிலிருந்து ஓர் உருண்டையை வாயாலேயே கவ்விக்கொண்டார். திபோ பார்க்காத மாதிரி மிதித்தான்.

நகர்மன்ற வாசலில் மேயர் மூச்சு வாங்கிக்கொண்டு, கைக்குட்டையால் மொட்டைத் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெட்டியிலிருந்து ஃபெர்நானைத் தூக்கி இறக்க மூன்று பேர் தேவைப்பட்டது. எலியானின் கண் நேராகக் கேக்குக்குப் போனது.

"நாலு உருண்டையைக் காணோமே?"

"பாதை மேடு பள்ளம்."

"மீசையில கிரீம் இருக்கு, ஃபெர்நான்."

அனயிஸ் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கவுனை இறக்கினாள். ஃபெர்நான் கையை நீட்டினார். "ஏன்டி, பண்ணையைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ கேட்டியா?"

"இப்பக் கேக்கறேன்."

"இப்ப எனக்குக் கல்யாணம். உள்ள வா" என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மத்தியானத்துக்கு மேல் மறியல் முடிந்தது. டிராக்டர்காரர்கள் அழைக்காமலே ஓடீலின் ரயில் நிலையத்தில் நடந்த விருந்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் மேலிருந்து அடித்த வாடை மூக்கில் ஏறியதும் ஓடீல், சைக்கிள் கழுவும் குழாயடியில் ஒவ்வொருவரையும் நிறுத்திப் பூட்ஸைக் கழுவிய பிறகுதான் உள்ளே விட்டார். ரயில் நிலைய நடைமேடையில் நீளமாக மேசை போட்டு ஒயின் ஊற்றினார்கள். பெட்டிச் சவாரியைப் பற்றி ஒவ்வொருவனும் தன் பங்குக்குக் கிண்டல் செய்தான். ஃபெர்நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஓடீலின் கோப்பை காலியாகும்போதெல்லாம் அவரே எழுந்து போய் நிரப்பினார்.

திங்கட்கிழமை காலை கொட்டகைக்குப் பின்னால் வேலிக் கம்பியை முறுக்கிக்கொண்டு நின்றார். அந்தக் கம்பிக்கு எந்தக் குறையும் இல்லை. பனி விலகாத பாதையில் அனயிஸ் வருவது தெரிந்ததும் குனிந்துகொண்டார்.

"சீக்கிரமே வந்துட்டியே" என்றார், நிமிராமல்.

"உங்க சாணத்தை இன்னும் யாரும் அள்ளல, கார்ல வந்திருந்தா இன்னும் பாலத்துகிட்டதான் நின்னிருப்பேன். அந்தக் கிடேரி கன்னு போட்டுடுச்சா?"

"இன்னும் இல்ல. வா, பாக்கலாம்."